நூறில் நின்ற பேட்டரி

மே 19, திங்கள்

கத்திரி வெயில். காலை ஏழரைக்கே தெருவில் நிழல் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ்ஸில் நின்றபடி பயணம். வாங்க வேண்டியவை: உளுந்து, வீட்டுக்காரருக்கு முழங்கால் தைலம், பேனா ரீஃபில் இரண்டு.

லேபில் புது வேலை. எங்கள் கம்பெனி கட்டிக் கொடுத்த ஆட்டோ பேட்டரிகள் பன்னிரண்டு காஞ்சிபுரத்திலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே ஸ்டாண்டு. உத்தரவாதக் காலம் முடியவில்லை, ஓடும் தூரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏன் என்று அறுத்துப் பார்த்து எழுத வேண்டியது நான். கெடு முப்பதாம் தேதி.

மேனேஜர் சுகுமார் (இனி சு.) முடிவை முன்பே சொல்லிவிட்டார். "சிம்பிள் கேஸ் மேடம். யூசர் மிஸ்யூஸ். ரெண்டு பக்கம் போதும்." முடிவு தெரிந்த பிறகு ஆராய்ச்சி செய்வதில் ஒரு நிம்மதி உண்டு.

மாதிரிக்கு ஒன்று எடுத்தேன். எண் ஏழு. மூடிமேல் காய்ந்த சந்தனம், ஒரு சாமந்தி இதழ். பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டில் பிறையும் 786-ம். எல்லாத் திசையிலும் பாதுகாப்பு செய்திருக்கிறார்கள். யாருடையது என்று தெரிந்துவிட்டது: சாதிக் பாய், எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர். சந்தனம் அதே ஸ்டாண்டு டிரைவர் வேலாயுதத்தின் கைவேலை. ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டு முழுவதற்கும் அவர்தான் பூசுவார்.

தெரிந்தவர் பேட்டரி என்று சு.விடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உளுந்தும் வாங்கவில்லை.

மே 20, செவ்வாய்

செல்லை முழுக்க இறக்கி, ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அறுத்தேன். ரப்பர் கையுறைக்குள் கை அவிந்தது.

உள்ளே சுருட்டி வைத்த செம்புத் தகடு. விரித்தால் ஒரு புடவைக்குக் கொஞ்சம் குறையும். இரு பக்கமும் கிராஃபைட் பூச்சு. பென்சில் கரிதான், அடுக்கடுக்கான ஏடு. சார்ஜ் ஏறினால் லித்தியம் ஏடுகளுக்கு இடையில் போய் உட்காரும். வண்டி ஓடினால் எழுந்து வெளியே போகும். காலியாக இருந்தால் கறுப்பு, பாதி நிறைந்தால் செம்பு நிறம், முழுக்க நிறைந்தால் சொக்கப் பொன். பல வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. ஜரிகைக் கடைக்காரர்களுக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

இறக்கிய செல் கறுப்பாக இருக்க வேண்டும். பாயுடையதில் நடுநடுவே பொன் திட்டுகள். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்ட லித்தியம். ஓரங்களில் பூச்சு செம்பை விட்டு உரிந்திருந்தது, தட்டினால் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி கொட்டுகிறது. மடிப்பு விழுந்த இடங்களில் வெள்ளிச் சாம்பல் கோடுகள்.

அந்தக் கோடுகள்தான் பிடிக்கவில்லை. ஏட்டுக்குள் இடம் கிடைக்காத லித்தியம் வெளியிலேயே படிந்து முடி முடியாக வளர்வது. ஒரு முடி நீண்டு எதிர்த் தகட்டைத் தொட்டால் செல் சூடாகும், புகையலாம். வாய்ப்பு குறைவு.

பேட்டரிக்குள் இருக்கும் சில்லு எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். படித்தேன். ஒன்றரை வருஷமும் நூறு. விடியலில் நூறு, உச்சி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நூறு, சவாரி முடிந்து அரை மணியில் மறுபடி நூறு. இவ்வளவு ஒழுக்கமாக ஒருவர் பேட்டரியைக் கெடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. சுங்குவார்சத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. கிராஃபைட்டின் கஷ்டம் புரிந்தது. நிறைத்து, யாரையும் இறக்காமல், வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திய பஸ். ஏடு உப்பி உப்பி விரிசல் விடும்.

ஏன் எப்போதும் நூறு? நாளை விசாரிக்க வேண்டும்.

மே 21, புதன்

விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருக்கலாம்.

காலையில் தெருவின் குறுக்கே தறிக்கு நூல் நீட்டிப் பாவு விரித்திருந்தார்கள். ஸ்கூட்டர் போகாது. அந்தப் பக்கம் பாய் நின்றுகொண்டிருந்தார். வண்டி இல்லாத டிரைவர் நிற்கும் விதம் தனி. கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

"டீச்சரம்மா, உங்க கம்பெனில எப்ப குடுப்பாங்களாம்?" பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து வருஷக்கணக்காகிறது, தெருவுக்கு இன்னும் டீச்சரம்மாதான்.

"பாத்துக்கினு இருக்காங்க, பாய்."

"ஜூன் ரெண்டு இஸ்கூல் தொறக்கறாங்க. ஒம்பது புள்ளைங்க என் வண்டில. அன்னிக்கு வண்டி வரலன்னா, ஒலிமுகமதுபேட்டைலேர்ந்து ஒரு வேன்காரன் வரேன்னு இஸ்கூல்ல சொல்லி வெச்சிருக்கான். போச்சுன்னா போச்சு."

"பேட்டரிய எப்படி பாத்துக்கினீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான். ஒரு நாளு கொறைய விட்டதில்ல. வேலாயுதம்கூட சொல்வான், பாய் பொண்ணப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறாருன்னு."

பாவு நூலில் ஒன்று அறுந்தது. பிணைப்பதற்காக எல்லோரும் நின்றோம். நான் எதையும் சொல்லாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

மே 22, வியாழன்

கோப்பு வந்தது. கூடவே ஆதாரப் புகைப்படம். எங்கள் கள ஊழியர் ஸ்டாண்டில் எடுத்தது. மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, மேலே மாலை. அடுத்த ஆயுத பூஜைக்கு அழித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியே வைத்திருக்கிறார்கள்.

படி எடுத்து வைக்கிறேன், எனக்காக:

பேட்டரி பராமரிப்பு
1. பேட்டரி வீட்டு அரிசிப் பானைக்குச் சமம். அடி தெரிய விடக் கூடாது.
2. வெள்ளிக்கிழமை குறைவாக இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது.
3. சவாரி இல்லாத நேரமெல்லாம் சார்ஜரில் இருக்கட்டும். சும்மா இருப்பவர்களுக்கு ஒரு வேலை வேண்டும்.
4. நூறு காட்டியதும் பிடுங்காதீர். விருந்தாளி போதும் என்றவுடன் நாம் இலையை எடுப்பதில்லை.
5. குங்குமம் நேர்முனைக்கு, சந்தனம் எதிர்முனைக்கு. மாற்றினால் பழி எங்கள் மேல் இல்லை.
6. கோபமாக இருக்கும்போது சார்ஜ் போட வேண்டாம்.

எழுதியது நான். ஆயுத பூஜை அன்று பொரி கொடுத்துவிட்டு, "டீச்சரம்மா, பேட்டரி படிச்சவங்க, நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அதற்கு முன்பே வெள்ளிக்கிழமை காலி பேட்டரியோடு ஒருவரும் வண்டி எடுப்பதில்லை. வேலாயுதத்துக்கு அம்மன், பாய்க்கு ஜும்மா. இந்த விஷயத்தில் மதங்களுக்கு இடையே கருத்து வேற்றுமை இல்லை. அந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்து ஒரு காகிதத்தில் எழுதினேன். படித்துக் காட்டும்போது யாரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். என் முகமும் சிரிக்கவில்லை. அது பிறவிக் கோளாறு. மறுவாரம் பலகையாகிவிட்டது. சிரிக்கும்படியான விஷயம் என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டு அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம்.

சு. படத்தை மேஜையில் தட்டினார். "ப்ரூஃப் இதான் மேடம். எந்த அறிவாளி எழுதினானோ."

"ஆமாம் சார்" என்றேன்.

மே 23, வெள்ளி

லீவு போட்டேன், அரை நாள். காரணம் "சொந்த வேலை". பொய்யில்லை.

பதினொன்றரைக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். பன்னிரண்டு வண்டியும் பேட்டரி இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. வெள்ளிக்கிழமை என்பதால் சார்ஜருக்கு மட்டும் பூ வைத்திருந்தார்கள். சீட்டாட்டம்.

பேட்டரி வந்ததும் எண்பது காட்டும்போது பிடுங்கிவிடுங்கள், வெயிலில் நூறில் வைக்காதீர்கள் என்றேன்.

வேலாயுதம் பலகையைக் காட்டினார். "போர்டுல வேற மாதிரி கீதே, டீச்சரம்மா."

"அது சும்மா தமாசுக்கு எழுதினது."

கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். வேலாயுதம் தொடையில் தட்டிக்கொண்டார். "டீச்சரம்மா இன்னா மொகத்த வெச்சிக்கினு தமாசு பண்றாங்க பாரு."

அவர்களை நான் சிரிக்க வைத்தது இதுவே முதல் முறை. பாய் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

மே 24, சனி

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வந்தன. ஏடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, நடுவில் பொருக்கு அடைத்திருக்கிறது. வீட்டில் மேஜைமேல் வைத்திருந்தேன். அவர் தறியிலிருந்து காபிக்கு எழுந்து வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது, ஊடை நூல் தளந்த துணியா?"

"பாய் பேட்டரியோட உள்பக்கம்."

சொன்னேன், எல்லாவற்றையும். காபி ஆறும் வரை கேட்டார்.

"நீ தமாசு சொன்னா நானே மறுநாள்தான் கண்டுபுடிப்பேன். அதுவும் எல்லா தடவையும் இல்ல."

"இப்ப இன்னா பண்றது?"

"அறுந்த இடத்த சொல்லிட்டா பிணைச்சிடலாம். மறைச்சு நெய்தா விரிக்கறப்ப தெரியும்." தறிக்குத் திரும்பிவிட்டார். இவரைப் போல எனக்கும் ஒரே ஒரு துறையில் மட்டும் அறிவு இருந்திருந்தால் பலகை எழுதியிருக்க மாட்டேன்.

உளுந்து வாங்கியாயிற்று. தைலம் மறந்தது.

மே 26, திங்கள்

அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் பஸ் பிடிக்கப் போவது ஏதோ தப்பு செய்யப் போவது போல் இருந்தது.

யோசனை: பாய் கெடுத்தார் என்று எழுத வேண்டுமானால், யாரும் கெடுக்காத ஒன்றையும் பார்க்க வேண்டும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷப் பாடம். சு.விடம் கேட்டால் தேவையில்லை என்பார் என்பதால் கேட்கவில்லை. கிடங்குக்குப் போய், அதே ரகத்தில் இன்னும் யாருக்கும் கொடுக்காத பேட்டரி பேக் ஒன்று எழுதி வாங்கினேன். கிடங்குக்காரர் தனசேகர், நல்ல மனிதர். டிராலியில் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

"புல் சார்ஜ்ல இருக்குது மேடம். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஏத்தி வெச்சிடுவேன்."

வெள்ளிக்கிழமை.

"ஏன் வெள்ளிக்கிழமை?"

"சர்க்குலர்ல போட்டிருக்குதே."

கிடங்கும் தகரக் கூரை. பேக் வந்து இரண்டு கோடை ஆகிறது.

மதியம் அறுத்தேன். பாயுடைய அளவுக்கு மோசமில்லை. ஆனால் பொன் திட்டு இருக்கிறது. ஓர உரிதல் இருக்கிறது. மடிப்பில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், மெல்லிய சாம்பல் கோடு. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத பேட்டரி, உட்கார்ந்த இடத்திலேயே கிழடாகியிருக்கிறது. அரசு அலுவலகங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது செல்லை நாளைக்கு வைத்தேன்.

மே 27, செவ்வாய்

இரண்டாவது செல்லும் அப்படியே.

கிடங்குச் சுவரில் சர்க்குலர். கம்பெனி முத்திரை, தேதி போன வருஷம். "மின்கலச் சேமிப்பு நெறிமுறைகள்." ஒன்று: இருப்பு ஒருபோதும் குறையலாகாது. இரண்டு: வெள்ளிக்கிழமைகளில் முழு மின்னேற்றம் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்று: பயன்பாடற்ற நேரங்களில் மின்னேற்றியுடன் இணைந்திருத்தல் விரும்பத்தக்கது. நான்கு: நூறு விழுக்காடு எட்டிய பின்னும் இணைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை.

என் ஐந்தும் ஆறும் இல்லை. அறிவியல் அடிப்படை இல்லாததால் நீக்கியிருப்பார்கள்.

கீழே சு.வின் கையெழுத்து. நகலோடு நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இது எங்கேருந்து வந்தது சார்?"

"ஃபீல்ட் பெஸ்ட் ப்ராக்டிஸ் மேடம். வாட்ஸப்ல ஓடிக்கிட்டிருந்தது. நல்லா இருந்தது, கொஞ்சம் பாலிஷ் பண்ணி விட்டோம்."

பலகையின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்தார்.

"சரி. ஸ்டாண்டுக்காரங்க நம்ம சர்க்குலரைக் காப்பி அடிச்சிருக்காங்க."

"போர்டுதான் முதல்ல சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தில் தேடினார். அங்கே எதுவும் கிடைக்காது என்று பலருக்கும் தெரிந்ததுதான். கடைசியில், தணிந்த குரலில்: "மேடம், கிடங்கு பேக்கை ரிப்போர்ட்ல சேக்காதீங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எனக்கு நல்லது என்பது உண்மை. அதுதான் நெருடுகிறது.

மே 28, புதன்

கத்திரி முடிகிறது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குத் தகவல் போகவில்லை.

ஒரு வரியும் எழுதவில்லை. பென்சில் சீவினேன். பல் டாக்டருக்குப் போன் செய்து தேதியை மாற்றினேன். பென்சில் முனை கிராஃபைட் என்பது நினைவுக்கு வந்தது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

மே 29, வியாழன்

எழுதினேன். பதினோரு பக்கம். பயணத்தில் வாசிக்கும்படி இல்லை. முக்கியமான இடம்:

"மூல காரணம்: வெப்பத்தில் நீண்ட காலம் முழு மின்னேற்றத்தில் வைத்ததால் கிராஃபைட் ஏடுகள் பிளந்து, பூச்சு உரிந்து, லித்தியம் வெளியே படிந்தது. பயன்படுத்தாத கிடங்கு மாதிரியிலும் இதே சிதைவு காணப்படுகிறது. ஆகவே பயனாளர் தவறு அல்ல, அறிவுறுத்தலின் தவறு. பயனாளர்கள் பின்பற்றிய வாசகத்தை எழுதியவர் கீழே கையொப்பமிட்டவர். அதை நெறிமுறையாக வெளியிட்டது நிறுவனம். கிடங்கில் உள்ள இதே ரகப் பேக்குகளை யாருக்கும் வழங்கக் கூடாது."

என் பெயர் இரண்டு வேலை செய்கிறது: காரணமாகவும், கையெழுத்தாகவும். சிக்கனம்.

அவரிடம் படித்துக் காட்டினேன். "வேலை போய்டுமா?" என்றார். போகலாம் என்றேன். "தறிக்குத் தார் நூல் சுத்தத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "கத்துக்கலாம்" என்று தைலத்தை எடுத்துக்கொண்டு போனார். தைலம் அவரே வாங்கி வந்துவிட்டார் போலிருக்கிறது.

மே 30, வெள்ளி

காலை பத்தேகாலுக்குக் கொடுத்தேன். சு. கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். "வெச்சிட்டுப் போங்க."

நாள் முழுவதும் யாரும் கூப்பிடவில்லை. போன் ஒலித்த போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். மூன்றில் ஒன்று கடன் அட்டை விற்பவர்.

மே 31, சனி

மெமோ வரவில்லை. பாராட்டும் வரவில்லை. வந்தது ஒரு வரி: பன்னிரண்டு கோரிக்கைகளும் "நல்லெண்ண அடிப்படையில்" ஏற்கப்பட்டன, புதிய பேக்குகள் காலையிலேயே அனுப்பப்பட்டுவிட்டன, எனவே ஆய்வறிக்கை தேவைப்படவில்லை, கோப்பு மூடப்பட்டது.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உண்மையை முழுதாக எழுதினேன். படிக்காமல் மூடிவிட்டார்கள்.

புதிய பேக்குகள். எங்கேயிருந்து?

தனசேகருக்குப் போன் செய்தேன். "நம்ம கிடங்குதான் மேடம். பன்னண்டும் புல் சார்ஜ். நேத்து வெள்ளிக்கிழம இல்லியா, ஏத்திட்டேன்."

சு.வின் அறை பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. மூன்று முறை.

நேராக ஸ்டாண்டுக்கு வந்தேன். ஐந்து மணி. பேக்குகள் வந்து இறங்கி, பாயுடையது பின்சீட்டுக்கு அடியில் ஏறிவிட்டது. பிறை வரைந்து பெயிண்ட் காயவில்லை. அந்தச் சீட்டில்தான் ஒன்பது பிள்ளைகள் உட்காருவார்கள். வாய்ப்பு குறைவு என்று பதினொரு நாளைக்கு முன்னால் எழுதினேன். அந்தக் "குறைவு" என்ற சொல்லின் மேல்தான் அவர்கள் உட்காரப் போகிறார்கள்.

"பாய், இதத் திருப்பிக் குடுத்துடுங்க."

"டீச்சரம்மா?"

போனில் இரண்டு படத்தையும் காட்டினேன். பொன் திட்டு, உரிந்த ஓரம், சாம்பல் கோடு.

"ரெண்டும் எம் பேட்டரிதானே?"

"ஒண்ணுதான் உங்களுது. இன்னொண்ணு யாருக்கும் குடுக்காதது. இப்ப வந்திருக்கறதும் அதே கூட்டம்தான்."

பாய் சீட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "அப்ப அது?"

"நான் கிண்டலுக்கு எழுதினது, பாய். நெஜமாவே."

வேலாயுதம் சிரிக்க ஆரம்பித்தார். பாய் கையைத் தூக்கினார், சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒன்றர வருசமா நான் கிண்டலுக்கா சார்ஜ் போட்டுக்கினு இருந்தேன்?"

போனைப் பைக்குள் வைத்தேன். பாய் விடவில்லை.

"அந்த ஒம்பதுல எம் பேத்தியும் ஒருத்தி. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இப்ப சொல்றது? இதுவாச்சும் நெஜமா? நாளன்னிக்கி வண்டி எடுக்கலன்னா வேன்காரன் வந்துடுவான். நான் எத நம்பறது?"

"இது கிண்டல் இல்ல, பாய்."

வெகு நேரம் என் முகத்தைப் பார்த்தார். "மொகத்தப் பாத்தா தெரியலயே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 1, ஞாயிறு

மாவு அரைத்தேன். தேவைக்கு மேல் அரைத்தேன். வாசலுக்கு ஆறு முறை போனேன். ஸ்டாண்டு இங்கிருந்து தெரியாது.

சு.வுக்கு மெயில், அறிக்கை இணைப்புடன். அவருக்கு மேலே உள்ளவருக்கும். அதற்கும் மேலே யார் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் அவருக்கும்.

மாலை அவர் வெற்றிலை வாங்கப் போய் வந்தார். "ஸ்டாண்ட்ல ஒரே சத்தம். ஏணி போட்டுக்கினு யாரோ நிக்கறாங்க."

"பேட்டரி?"

"கூட்டத்துல தெரியல."

இன்னொரு முறை போய்ப் பாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. முழங்கால்.

ஜூன் 2, திங்கள்

ஏழேகாலிலிருந்து தெருமுனையில் நின்றேன். பாவு விரித்திருந்தார்கள். மின் ஆட்டோ என்றால் சத்தம் வராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதனால் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் சத்தம் வந்தது. படபடவென்று, பழைய பெட்ரோல் ஆட்டோ, பின்னால் நீலப் புகை. ஒன்பது பைகள், பதினெட்டு கால்கள். முன்னால் பாய். மச்சானுடைய வண்டியாம். பாவு தூக்கும்வரை நின்றது. பிள்ளைகளில் ஒன்று எனக்கு நாக்கை நீட்டியது. சத்தியமாக அதைவிட அழகான ஒன்றை இந்த மாதத்தில் பார்க்கவில்லை.

"இங்கியே நில்லுங்க, புள்ளைங்கள வுட்டுட்டு வரேன்" என்றார் பாய்.

எட்டரைக்கு வந்தார். பின்னால் ஒரு மினி லாரி. அதில் பன்னிரண்டு பேக்குகள், நடுவில் வேலாயுதம்.

"எல்லாரும் எப்படி ஒத்துக்கினாங்க?"

"போர்ட அழிச்சேன். சுண்ணாம்பு ரெண்டு கோட்டு. அதுக்கப்பறம் ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல." ஆட்டோவின் பின் சீட்டைக் காட்டினார். "ஏறுங்க. நீங்கதான் பேசணும். இதே மொகத்தோட பேசுங்க, சிரிச்சிடாதீங்க."

பஸ்ஸில் போவதைவிட மெதுவாக. வழியில் ஒரு முறை மட்டும், "எண்பதுல புடுங்கணும்னீங்களே, வெள்ளிக்கிழமையுமா?" என்றார். வெள்ளிக்கிழமையும் என்றேன். பெருமூச்சு விட்டார்.

பத்து மணி. கம்பெனி கேட். செக்யூரிட்டி நோட்டைத் திறந்தார். என்னைத் தினமும் பார்ப்பவர்தான், ஆனால் லாரியோடு வந்தால் பதிய வேண்டுமாம்.

"யார் வந்திருக்கறதுன்னு போடறது மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார். "போர்டு எழுதினவங்கன்னு போடுங்க."